உள்பரப்பில் எவ்வளவு, வெளிப்பரப்பில் எவ்வளவு? கடத்தியின் மின்னூட்டத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்

நடுவில் குழியுள்ள ஓர் உலோகக் கோளம். அதற்குக் கொடுத்த மின்னூட்டம் +2 நானோகூலூம் (ஒரு நானோகூலூம் என்பது கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு). குழிக்குள், உலோகத்தைத் தொடாமல், +3 நானோகூலூம் கொண்ட சிறு குண்டு ஒன்று இருக்கிறது. கோளத்தின் எந்தப் பரப்பில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கும்? இருக்கிற 2-ஐப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடத்தான் முதலில் கை போகும். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன்.

படி 1. மின்னூட்டங்கள் ஓடி அடங்கியபின், உலோகத்தின் உள்ளே மின்புலம் சுழி. துளி புலம் மிச்சமிருந்தாலும் கட்டற்ற எலக்ட்ரான்கள் சும்மா இருக்காது. அது தீரும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். இது ஒன்று பிடிபட்டால் மிச்சமெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

படி 2. குழியைச் சுற்றி ஒரு மூடிய பரப்பைக் கற்பனையாக வரையுங்கள். காஸியன் பரப்பு என்பது இதுதான். அந்தப் பரப்பு முழுக்க உலோகத்துக்குள்ளேயே போக வேண்டும். குழியின் காற்றில் வரைந்தால் கணக்கு கெட்டது, ஏனென்றால் அங்கே புலம் சுழி அல்ல. பரப்பு போகும் இடமெல்லாம் புலம் இல்லை, ஆகவே மின்பாயமும் (பரப்பை ஊடுருவிச் செல்லும் புலத்தின் அளவு) இல்லை. மூடிய பரப்பின் மின்பாயம் உள்ளே அடைபட்ட மொத்த மின்னூட்டத்துக்கு நேர்விகிதம் என்பது காஸ் விதி; அதன்படி அந்த மொத்தமும் சுழி. குண்டில் +3 இருக்கிறதே? அப்படியானால் உள்பரப்பில் −3 இருந்தே தீர வேண்டும்.

படி 3. கோளத்தின் மொத்தம் +2, அது இரு பரப்புகளில் மட்டுமே இருக்கும், உலோகத்தின் உள்ளே தங்காது. அதில் உள்பரப்பின் பங்கைக் கழித்தால் 2 − (−3) = +5 நானோகூலூம். இது வெளிப்பரப்பில். குறியைத் தவறவிடுகிற இடம் இதுதான், நிதானமாகப் போடுங்கள்.

1843-இல் ஃபாரடே, காப்பிட்ட உலோக வாளிக்குள் மின்னூட்டிய குண்டை இறக்கி இதைக் காட்டினார். குண்டு வாளிக்குள் ஆழமாக இறங்கியபின் அதை அப்படி இப்படி நகர்த்தினாலும், அடியில் தொடவைத்தாலும், வெளியே இணைத்த மின்காட்டியின் (மின்னூட்டத்துக்கு ஏற்ப இலைகள் விரியும் கருவி) விரிந்த இலைகள் அசையவில்லை.

படி 4. வெளி ஆரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 4 × 3.14 × 0.1 × 0.1 = 0.1256 சதுர மீட்டர். 5 × 10⁻⁹ ÷ 0.1256 = சதுர மீட்டருக்கு 3.98 × 10⁻⁸ கூலூம். இதுதான் வெளிப்பரப்பின் மின்னூட்ட அடர்த்தி. இப்படி நேராக வகுக்கலாம் என்பது கோளத்துக்குக் கிடைத்த சலுகை, அதுவும் பக்கத்தில் வேறு மின்னூட்டம் இல்லாதபோது. கூரான முனையுள்ள கடத்தியில் முனையில்தான் மின்னூட்டம் நெருக்கமாகச் சேரும்.

படி 5. சரிபார்ப்போம். அடர்த்தியை வெற்றிடத்தின் விடுதிறன் என்னும் மாறிலியான 8.85 × 10⁻¹² ஆல் வகுத்தால், பரப்பை ஒட்டி வெளியே உள்ள புலம்: கூலூமுக்குச் சுமார் 4,500 நியூட்டன். கூலூம் விதியில் போட்டாலும் 9 × 10⁹ × 5 × 10⁻⁹ ÷ 0.01 = 4,500. உங்களுக்கு 2,250 வந்ததா? மெல்லிய மின்னூட்டத் தகட்டின் சூத்திரத்தை எடுத்திருப்பீர்கள். தகட்டின் புலம் இருபக்கமும் பிரியும்; கடத்தியில் உள்பக்கம் சுழி, முழுவதும் வெளியேதான்.

அப்புறம், குண்டை மையத்திலிருந்து ஓரமாகத் தள்ளினால் என்ன ஆகும்? உள்பரப்பின் மொத்தம் −3 தான், ஆனால் குண்டுக்கு அருகே நெருக்கமாகச் சேரும். வெளிப்பரப்பின் +5 முன்போலவே சீராகப் பரவியிருக்கும். கோளத்தைப் புவியுடன் இணைத்தால் அந்த +5 காணாமல் போகும். −3 மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.