ஆலிஸ்: மேட்னஸ் ரிட்டர்ன்ஸ் – வெட்டுவதற்கு முன் பாருங்கள்

ஆலிஸ்: மேட்னஸ் ரிட்டர்ன்ஸ் என்ற வீடியோ கேம் வந்தது 2011-ல். இத்தனை வருடம் கழித்து இதை ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆடுகிறார்கள்: அந்த இருட்டு, ரத்தம், உடைந்த பொம்மைத் தலைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இது வெட்டுக்குத்து ஆட்டம் என்று முடிவுகட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிக்கொண்டே போவது. அப்படிப் போனால் அடி விழும், அது ஒரு பக்கம். ஒளித்து வைத்திருக்கிற நல்ல விஷயங்களில் பாதியைப் பார்க்காமலே தாண்டிவிடுவீர்கள், அதுதான் நஷ்டம். எதிரியோ தாண்டவேண்டிய பள்ளமோ, எதுவாக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அப்புறம் பட்டனைத் தொடுங்கள்.

முதல் பாகம் ஆடாமல் இதைத் தொடங்கலாமா? தாராளமாக. அது 2000-ல் வந்தது. தேவையான முன்கதையை இந்த ஆட்டமே சொல்லிவிடுகிறது. 1875-ம் வருட லண்டன், தீ விபத்தில் குடும்பத்தையே இழந்த ஆலிஸ், பழசையெல்லாம் மறந்துவிடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும் டாக்டர் பம்பி, அவள் மனதுக்குள் இருக்கும் வொண்டர்லேண்ட் என்ற கற்பனை உலகத்தை நாசம் செய்துகொண்டு ஓடும் ஒரு ரயில். இதற்குமேல் சொல்லமாட்டேன். லண்டன் தெருக்களில் நடக்கும் பகுதிகளில் அனேகமாகச் சண்டையே வராது, போரடிக்கிறதே என்று ஓடிக் கடந்துவிடாதீர்கள், அக்கம்பக்கத்தில் ஆட்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் கடைசியில் வரும் விஷயத்தின் நுனி பிடிபடும். ஒன்று மட்டும், தேவதைக் கதை என்று நம்பிக் குழந்தைகளிடம் கொடுத்துவிடாதீர்கள், இது வயது வந்தவர்களுக்கான ஆட்டம்.

கம்ப்யூட்டரில் ஆடுகிறீர்களா, முதலில் ஒரு வேலை. ஆட்டம் நொடிக்கு 31 ஃப்ரேமுக்கு மேல் போகாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள், உங்கள் மெஷின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதேதான். ஆட்டத்தை ஒருமுறை திறந்து மூடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஆலிஸ் மேட்னஸ் ரிட்டர்ன்ஸ், அதற்குள் ஆலிஸ்கேம், அதற்குள் கான்ஃபிக். அங்கே ஆலிஸ்எஞ்சின் (AliceEngine.ini) என்ற ஐஎன்ஐ ஃபைல் இருக்கும். ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, நோட்பேடில் திறந்து, மேக்ஸ்ஸ்மூத்டுஃப்ரேம்ரேட் (MaxSmoothedFrameRate) என்ற வரியில் இருக்கும் 31-ஐ 60 ஆக்கி சேவ் செய்யுங்கள். குதிப்பதும் விலகுவதும் கையோடு வரும், வித்தியாசம் உடனே தெரியும். 60-ஐத் தாண்டி ஆசைப்பட வேண்டாம், பழைய ஆட்டம், அதற்குமேல் போனால் சில இடங்களில் கோணல்மாணலாக நடந்துகொள்ளும். கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா இல்லையென்றால் ஆப்ஷன்ஸில் ஃபிஸ்எக்ஸ் (PhysX) என்ற அமைப்பைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை நடுவில் படம் திக்கித் திணறும்.

சரி, ஆட்டத்துக்குள் போகலாம். ஆரம்பத்தில் வேல் ஆஃப் டியர்ஸ் என்ற இடத்தில் ஆலிஸுக்குச் சுருங்கும் சக்தி கிடைக்கிறது. சாவித்துளை வழியாக நுழைவதற்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிட்டால் போச்சு. சுருங்கியிருக்கும்போது அவள் கண்ணுக்கு வேறு உலகம் தெரிகிறது: சாதாரணமாகத் தெரியாத மேடைகள், சுவரில் கிறுக்கிய படங்கள், அம்புக்குறிகள், எல்லாம். பெரியவளானதும் மறுபடி மறைந்துவிடும், மேடைகள் எங்கே இருந்தன என்று நீங்கள்தான் மனதில் வைத்துக் குதிக்கவேண்டும். அதனால் புது இடத்துக்குள் வந்தவுடன், சண்டை இல்லையென்றால், முதல் வேலையே சுருங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது. அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் விழிக்கிற நேரத்திலும் பெரும்பாலும் இதுவே மருந்து.

பன்றி மூக்குகளுக்குக் கண்ணைவிடக் காது உபயோகம். எங்காவது உறுமல் கேட்டால் நின்று, திரும்பிப் பாருங்கள், உயரத்தில் ஒரு மூக்கு பறந்துகொண்டிருக்கும். பெப்பர் கிரைண்டர் என்ற துப்பாக்கியால் மிளகுத்தூளை அதன்மேல் பொழிந்தால் தும்மித் தள்ளும், புதுப் பாதையோ பரிசோ திறக்கும். விரிசல் விட்ட சுவரைப் பார்த்தால் ஹாபி ஹார்ஸ் என்ற குதிரைத்தலைச் சம்மட்டியால் ஒரு போடு போடுங்கள். நத்தை ஓடு மாதிரி வாசல் தெரிந்தால் அது ராடுலா அறை, கட்டாயம் உள்ளே போங்கள்: உள்ளே ஒரு சவால் இருக்கும், ஜெயித்தால் ரோஜாவுக்கான வண்ணம் கிடைக்கும், அது போதுமான அளவு சேர்ந்தால் உங்கள் உயிரின் அளவைக் காட்டும் ரோஜாக்களில் ஒன்று கூடும். இந்த ஆட்டத்தில் தேடி அலைவதற்குத் தகுதியான பொருள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பாட்டில் சேகரிப்பதை வேண்டுமானால் விட்டுத்தொலையுங்கள். நினைவுத் துண்டுகளை மட்டும் விடாதீர்கள், அவற்றில் வரும் குரல்கள் இல்லாமல் கதை முழுதாகப் புரியாது.

குதிப்பதில் பயமே வேண்டாம். ஆலிஸ் காற்றிலேயே மறுபடி மறுபடி எம்புவாள், பட்டனைப் பிடித்துக்கொண்டால் கவுன் குடைபோல விரிந்து மெதுவாக மிதப்பாள். விழுந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது, கடைசியாக நின்ற இடத்துக்கே வந்துவிடுவாள். எல்லா எம்பல்களையும் முதலிலேயே செலவழித்துவிடுவதுதான் பலரும் செய்வது. ஒரு எம்பல், கொஞ்சம் மிதப்பு, உயரம் குறையும்போது அடுத்த எம்பல் என்று விட்டுவிட்டுப் போனால் முடியாது என்று தோன்றும் தூரத்தையும் தாண்டலாம்.

இப்போது சண்டை. ஆயுதங்கள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. வோர்பல் பிளேடு கத்தி வேகமானது, கிட்டத்தில் வரும் சில்லறை எதிரிகளுக்கு. ஹாபி ஹார்ஸ் மெதுவானது, ஆனால் கனம், கேடயம் பிடித்தவர்களை உடைக்க. பெப்பர் கிரைண்டர் தூரத்தில் பறப்பவற்றுக்கு, விடாமல் சுட்டால் சூடேறி நின்றுவிடும், விட்டுவிட்டு சுடுங்கள். டீபாட் கேனன் வெடிகுண்டு மாதிரி, கூட்டமாக நிற்கும்போது. குடை எதிரி எறிவதைத் திருப்பி அனுப்ப. முயல் பொம்மை உருவில் இருக்கும் கிளாக்வொர்க் பாம், தரையில் மிதித்தால் கதவு திறக்கும் தட்டுகளின் மேல் எடையாக உட்கார்ந்துகொள்ளும், சண்டையில் எதிரிகளின் கவனத்தையும் இழுக்கும். இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

மெனசிங் ருயினை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் அத்தியாயத்தில் எல்லோரையும் படுத்துகிற ஆள். கறுப்புத் தார் வழிய, பொம்மை முகங்கள் ஒட்டிய பெரிய உடம்பு. ஓடிப்போய்க் கத்தியால் கொத்தினால் ஒரே வீச்சில் உங்களைத் தூக்கி அடிக்கும். அதற்குப் பதிலாக லாக்-ஆன் செய்து, அதாவது கேமராவை அதன்மேலேயே பூட்டி, எட்டத்தில் நில்லுங்கள். அது நெருப்புக் குண்டு எறியும், எறிகிற தோரணை முன்கூட்டியே தெரியும். குண்டு வரும்போது குடையை விரியுங்கள், திரும்பிப்போய் அதன்மேலேயே விழும், அது தடுமாறும், அந்தச் சில நொடிகள்தான் உங்களுடையது. உள்ளே போய் அடியுங்கள், அது நிமிர்வதற்குள் விலகும் பட்டனைத் தட்டிப் பட்டாம்பூச்சிகளாகக் கலைந்து வெளியே வந்துவிடுங்கள். பேராசைப்பட்டு இன்னும் ஒரு அடி என்று நிற்கவேண்டாம். கையால் வீசும் பெரிய அடிக்குக் குடையை நம்பாமல் விலகுவதே நல்லது. பிறகு வரும் பெரிய எதிரிகள் முக்கால்வாசிப் பேருக்கும் முறை இதேதான், எதை எறிகிறான், எப்போது தடுமாறுகிறான் என்பது மட்டும் மாறும்.

கூட்டமாக வந்தால் பறப்பவற்றை முதலில் தீர்த்துவிடுங்கள், பெரியவனோடு மல்லுக்கட்டும்போது முதுகில் கொட்டுவது அவைதான். லாக்-ஆன் ஒருவனோடு மோதும்போது வரம், நாலு பேர் சுற்றி வளைக்கும்போது சாபம், கேமரா ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அதனால் அப்போது விட்டுவிடுங்கள். உயிர் ஒற்றை ரோஜாவுக்கு வந்துவிட்டால் பதற்றம் வேண்டாம், ஹிஸ்டீரியா நிலைக்குப் போகலாம்: திரை வெளுத்து, ரத்தம் மட்டும் சிவந்து தெரியும், கொஞ்ச நேரத்துக்கு உங்களுக்கு எந்த அடியும் ஒட்டாது, உங்கள் அடிக்குப் பலம் கூடும். அந்த நேரத்தில் பெரியவனோடு வீம்புக்கு நிற்காமல், சின்னவர்களைச் சாய்த்துக் கீழே விழும் ரோஜாக்களைப் பொறுக்குவது புத்திசாலித்தனம்.

பல்தான் இங்கே காசு. உடைகிற பொருளையெல்லாம் உடையுங்கள், பல் சேரும். முன்னே சொன்ன ஆறில் முதல் நான்கைத்தான் அதைக் கொடுத்து மேம்படுத்த முடியும். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடாமல் கத்தியை முதலில் உயர்த்துங்கள், அடுத்து பெப்பர் கிரைண்டர். டீபாட் கேனன் கடைசிக்கு இருக்கட்டும்.

அத்தியாயங்கள் ஆறு, ஒவ்வொன்றும் தேவைக்கு மேல் நீளம், இது என் அபிப்பிராயம். நடுநடுவே சறுக்கு மரம், ஓவியச் சுருளுக்குள் பக்கவாட்டில் ஓடுவது, கப்பல் ஓட்டிச் சுடுவது, பொம்மைத் தலையை உருட்டுவது என்று திசை மாற்றுவார்கள், சிலது ஜோர், சிலது ஏன் வைத்தார்களோ. ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் மூன்றாவது அத்தியாயத்தில் கை சலித்துவிடும், ஒரு உட்காரலுக்குப் பாதி அத்தியாயம் போதும். குயின்ஸ்லேண்ட் என்ற அத்தியாயத்தில் அரிவாளோடு துரத்தும் எக்ஸிக்யூஷனரை மட்டும் எதிர்த்து நிற்காதீர்கள், எந்த ஆயுதமும் அவன்மேல் எடுபடாது, திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள், அவன் கணக்கைத் தீர்க்க ஆட்டமே பிறகு ஒரு வழி கொடுக்கும், அது செம. விட்டுப்போன நினைவுகளும் பன்றி மூக்குகளும் இருந்தால் கவலை வேண்டாம், ஆட்டத்தை முடித்ததும் நியூ கேம் பிளஸ் திறக்கும், மேம்படுத்திய ஆயுதங்களோடு மறுபடி போகலாம், எதிரிகள் தொந்தரவு குறைவாக இருக்கும், நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.