சுற்றிச் சுற்றி வரும் ரயில்: பார்க்கும் சுகத்தைக் கெடுக்கும் தவறுகள்

மாதிரி ரயில் வாங்கிய முதல் நாள் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். கன்ட்ரோலர் குமிழைக் கடைசி வரை திருப்புவோம். எஞ்சின் பறக்கும், வளைவில் குப்புற விழும், வீடே சிரிக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்து நாளில் அலுத்துப்போய் எல்லாம் பரணுக்குப் போனது. மூன்று வருடம் கழித்து ஒரு மழை நாளில் இறக்கி, மெதுவாக ஓடவிட்டுப் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. ரயில் அதேதான், தண்டவாளமும் அதேதான். வேகம் மட்டும்தான் மாறியிருந்தது.

அதனால் வேகத்திலிருந்தே தொடங்குகிறேன். பலரும் வைத்திருப்பது எச்ஓ அளவு ரயில். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். நிஜ ரயில் மணிக்கு 50 கிலோமீட்டர் போனால், நொடிக்குச் சுமார் 14 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 16 சென்டிமீட்டர். நொடிக்கு ஒரு சாண்கூட இல்லை! 100 கிலோமீட்டர் வேக எக்ஸ்பிரஸே நொடிக்கு ஒரு அடிதான் நகர வேண்டும். மேஜையில் ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது என்று வையுங்கள். பாசஞ்சர் வண்டி அதைச் சுற்றிவர முக்கால் நிமிடம் எடுத்தால்கூடச் சரிதான். அதையே எட்டு நொடியில் சுற்றவிட்டால், கணக்குப்படி மணிக்கு 235 கிலோமீட்டர். நீராவி எஞ்சின் அந்த வேகத்தில் போவதைப் பார்த்தால் கண்ணுக்கு விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும்.

கிளம்புவதும் நிற்பதும்கூட மெதுவாகவே இருக்கட்டும். எஞ்சின் அசைந்ததும் கொக்கிகள் ஒவ்வொன்றாக இறுகி, கடைசிப் பெட்டி ஒரு கணம் தாமதித்து நகரும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் ஸ்டேஷனில் அடிக்கடி வண்டியை நிறுத்துவேன்.

அடுத்தது, தரையில் போட்டு ஓட்டுவது. இடம் இல்லை என்றால் வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையில் கிடக்கும் தலைமுடியும் கம்பள நூலும் அச்சில் சுற்றிக்கொண்டு பற்சக்கரம் வரை போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், மேலிருந்து பார்க்க வேண்டியிருப்பது. நிஜ ரயிலை நாம் யாரும் வானத்திலிருந்து பார்த்துப் பழகவில்லை. பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறோம், லெவல் கிராசிங் கேட்டில் சைக்கிளோடு காத்திருந்து பார்த்திருக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்குச் சற்றே கீழே தண்டவாளம் வரும்படி மேஜையை உயர்த்துங்கள். நின்றால் அது நெஞ்சளவு இருக்கும். சக்கரங்கள் கண் முன்னே உருண்டு போகும்போது ரயில் திடீரென்று பெரிதாகிவிடும்.

மேஜை கிடைத்துவிட்டால் அடுத்த ஆசை, அதை முழுக்கத் தண்டவாளத்தால் நிரப்புவது. எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகையில் நான்கு சுற்று, பன்னிரண்டு பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம்), இரண்டு யார்டு (வண்டிகளை நிறுத்தி வைக்கும் பாதைகள்). ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற பிரம்மாண்ட மாதிரி ரயில் கண்காட்சியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இந்த ஆசை அதிகம். அங்கே ஓடுவதும் எச்ஓ ரயில்கள்தான், ஆயிரத்துக்கும் மேல். பராமரிக்க ஒரு படையே வேலை செய்கிறது. நம் வீட்டில் நாம் ஒருவர்தான். ஒவ்வொரு பாயிண்டும் தடம் புரள ஓர் இடம், மின்சாரம் அறுபட ஓர் இடம். முதல் வருடம் ஒரு சுற்றும், ஒரு ஒதுங்கு பாதையும் போதும்.

ரயிலின் நீளத்தையும் கவனியுங்கள். இருக்கிற பெட்டி எல்லாவற்றையும் கோத்துவிட்டால் எஞ்சின் தன் வாலையே துரத்துவது போல இருக்கும். சுற்றின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சுற்றின் ஒரு பகுதியை மறைத்தும் விடுங்கள். குன்று, கட்டிட வரிசை, எதுவும் இல்லையென்றால் நிறுத்தி வைத்த நான்கு புத்தகங்கள். ரயில் போய் மறைய வேண்டும், நாம் காத்திருக்க வேண்டும், முதலில் சத்தம் கேட்டு அப்புறம் விளக்கு தெரிய வேண்டும். குகை கட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: உள்ளே கை போக வழி. ரயில் சரியாக அங்கேதான் தடம் புரளும்.

வளைவில் செய்யும் தவறு கடையிலேயே ஆரம்பிக்கிறது. செட்டோடு வரும் வளைவுகளின் ஆரம் பெரும்பாலும் 36 முதல் 46 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நம் எக்ஸ்பிரஸ்களில் வரும் 23.5 மீட்டர் நீள எல்எச்பி வகைப் பெட்டி எச்ஓ அளவில் 27 சென்டிமீட்டர் வரும். அது அந்த வளைவில் ஏறினால் நடு வயிறு உள்ளே துருத்தும், முனைகள் வெளியே நீட்டும். கொஞ்சமாவது அழகாகத் தெரிய, வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருப்பது நல்லது. நான்கு அடி அகலப் பலகையில் 55 சென்டிமீட்டருக்கு மேல் ஆரம் கிடைக்காது. ஆகவே சின்ன மேஜைக்குச் சின்ன எஞ்சினும் குட்டைப் பெட்டிகளும் வாங்குங்கள். இன்னொன்று: நம் அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19 சொச்சம் வரும், மாதிரித் தண்டவாளமோ 16.5. இதை வைத்துச் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும் ரயிலில் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

ஏற்றம் வைக்க ஆசைப்பட்டால் முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு பாதை இன்னொன்றின் மேல் தாண்ட எச்ஓவில் சுமார் ஏழரை சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் அந்த உயரம் ஏற மூன்றே முக்கால் மீட்டர் நீளம் தேவை. ஊட்டி ரயில் 12-க்கு 1 ஏறுகிறதே என்று கேட்காதீர்கள். அது கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது.

மின்சாரத் தவறுகள்தான் காசைக் கரைப்பவை. ஜப்பானிலிருந்து வரும் கன்ட்ரோலர் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டிருக்கலாம். அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் என்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க அரை நிமிடம் ஆகாது.

இன்னொன்று, திரும்பு வளையம். ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். பாதை பேரிக்காய் வடிவில் வளைந்து வந்த வழியிலேயே திரும்பிச் சேர்ந்தால், இடப்பக்கத் தண்டவாளம் வலப்பக்கத்தோடு போய்த் தொடும். அங்கே ஷார்ட் சர்க்யூட். வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் இடைவெளி விட்டுப் பிரித்து, மின்முனை மாற்றும் சுவிட்ச் வைக்க வேண்டும். முதல் மேஜைக்கு இந்த வம்பே வேண்டாம், எளிய நீள்வட்டம் போதும். மார்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் எச்ஓ ரயில்களுக்கு, இரண்டு தண்டவாளங்களின் நடுவில் வரிசையாக வரும் சின்ன உலோகக் குமிழ்கள் வழியாக மின்சாரம் போவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிகளை அப்படியே தூக்கி இரண்டு தண்டவாள முறையில் வைக்காதீர்கள். அவற்றின் இரு பக்கச் சக்கரங்களும் தனித்தனியாக மின்காப்பு செய்யப்படாதவை, வைத்ததுமே ஷார்ட் ஆகும்.

ரயில் திக்கித் திக்கி ஓடுகிறதா? பெரும்பாலும் அழுக்குதான். அதற்காக உப்புத்தாளால் தண்டவாளத்தைத் தேய்ப்பது பலர் செய்யும் தவறு. கீறல் விழும், கீறலுக்குள் அழுக்கு இன்னும் உறுதியாக உட்காரும். பருத்தித் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே போதும். எஞ்சின் சக்கரங்களையும் துடையுங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

எண்ணெய் ஊசி முனை அளவு, அச்சுகளில் மட்டும். அதிகமானால் சக்கரம் வழுக்கும், தூசி ஒட்டும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு நண்பரின் எஞ்சின், மார்கழியில் நின்றது நின்றதுதான்.

எல்லாம் முடித்து, புல் ஒட்டி, மரம் நட்டு, பெயின்ட் அடித்த பிறகுதான் ஓட்டுவேன் என்று வைராக்கியமாக இருப்பவர்களும் உண்டு. வெறும் பலகையிலேயே தினமும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். எந்த இணைப்பு தூக்கிக்கொண்டிருக்கிறது, எந்த வளைவில் பெட்டி ஆடுகிறது என்பது அப்போதுதான் தெரியும். தண்டவாளத்தை ஒட்டிய பிறகு தெரிந்தால் உளி எடுக்க வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்தால் இந்த உபதேசம் எதுவும் செல்லாது. குமிழ் நேராகக் கடைசிக்குப் போகும். அவர்களுக்கென்று பழைய நாலு சக்கர எஞ்சின் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன், கீழே ஒரு தலையணையும்.