ஓதுகிற பிள்ளை கெம்பஸுக்குப் போகும் வழியில் இடறும் இடங்கள்

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சை (ஏ.எல்.) முடிவு வந்த கையோடு எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். நிந்தவூர், சம்மாந்துறை, ஏறாவூர், ஓட்டமாவடி என்று கிழக்கிலங்கையின் பல ஊர்கள். பேசுகிறவர்கள் அரபுக் கல்லூரியில் ஓதி முடித்த பிள்ளைகள், அல்லது இன்னும் ஓதிக்கொண்டிருப்பவர்கள். சில நேரம் அவர்களின் வாப்பாமார். கேள்வி ஒன்றுதான்: “மௌலவி, இந்த ரிசல்ட்டுக்கு கெம்பஸ் கிடைக்குமா?” பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் பாடசாலையிலிருந்து நேராகப் பல்கலைக்கழகம் போகிறவர்களை விடக் கெட்டிக்காரர்கள். அதுதான் மனதை அறுக்கிறது.

நானும் மத்ரஸாவில், அதாவது அரபுக் கல்லூரியில், ஓதிவிட்டுப் பல்கலைக்கழகம் போனவன். இப்போது காலையில் கிதாப் (அரபு மார்க்க நூல்) ஓதிக்கொடுக்கிறேன், பின்னேரத்தில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். எங்கள் காலத்தில் விட்ட பிழைகளையே இன்றைய பிள்ளைகளும் வரிசையாக விடுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்கு எழும்பு, போனைத் தள்ளி வை, குறிப்பெடு என்பதையெல்லாம் உங்கள் உஸ்தாத்மார் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மௌலவிச் சான்றிதழைப் பட்டமாக நினைப்பது

அரபுக் கல்லூரியில் ஓதி முடித்ததற்குக் கிடைக்கும் அந்தச் சான்றிதழ் பட்டம் அல்ல. ஏழு வருடம் ஓதியிருந்தாலும் பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தர முடிவைத்தான் பார்ப்பார்கள்.

கணிதத்தை ‘பிறகு பார்ப்போம்’ என்று விடுவது

ஹிப்ழு (குர்ஆன் மனனம்) முடிக்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பாடசாலையை விட்டுப் போன பிள்ளைக்கு, உயர்தரத்துக்கு முந்திய சாதாரண தரப் பரீட்சை வரும்போது தமிழும் இஸ்லாமும் சுலபம். கணிதம் மட்டும் மலைபோல நிற்கும். மற்றப் பாடங்களில் சித்தி பெற்றுவிட்டு, கணிதத்தை அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போவார்கள். பட்டம் எடுத்த பிறகும் பல அரச நியமனங்களில் சாதாரண தரக் கணிதம் கேட்கப்படும். பிள்ளையை ஓத விடும் பெற்றோர் சேர்க்கும் நாளிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே கணிதம் படிப்பிக்க ஆள் இருக்கிறாரா? இல்லை என்றால் வார இறுதியிலாவது அதற்கு ஒரு வழி செய்துகொள்ளுங்கள்.

‘சும்மா ஒரு தரம் எழுதிப் பாருங்கள்’

இதில்தான் நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன். எத்தனை வருடமானாலும் எனக்கு ஆறாத கோபம் இது.

பல மத்ரஸாக்களில் நடப்பது இப்படி. ஐந்தாம், ஆறாம் வருடத்துப் பிள்ளைகளைத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக உயர்தரத்துக்கு விண்ணப்பிக்க வைப்பார்கள். அரபு, இஸ்லாமிய நாகரிகம், மூன்றாவதாக அரசறிவியல். முதலிரண்டும் ‘நமது பாடம்’, மூன்றாவது ‘வாசித்தால் போதும்’. படிக்க நேரம் ஒதுக்குவதில்லை, ஆசிரியர் இல்லை, பாஸ்ட் பேப்பர் இல்லை. “சும்மா ஒரு தரம் எழுதிப் பாருங்கள், அனுபவம் வரும்” என்பார்கள்.

அனுபவத்துக்கு எழுதுகிற பரீட்சை அல்ல இது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்கு மேல் உயர்தரம் எழுதியதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சும்மா எழுதிய முதல் தடவையும் அந்த மூன்றில் ஒன்று.

அடுத்தது இஸட் புள்ளி. அது எப்படி வேலை செய்கிறது என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுப்பார்கள். கணக்கு விளங்காவிட்டால் பரவாயில்லை. உங்களோடு அதே பாடத்தை எழுதியவர்களை விட நீங்கள் எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். உதாரணத்துக்கு, ஒரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10 என்று வைப்போம். 70 எடுத்தவருக்கு இஸட் புள்ளி 1. இன்னொரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15. அதில் அதே 70 எடுத்தவருக்கு இஸட் புள்ளி 2.

இப்போது அரபுப் பாடத்தை யோசியுங்கள். அதை எழுதுகிறவர்கள் யார்? பெரும்பாலும் உங்களைப் போலவே வருடக்கணக்காக நஹ்வும் ஸர்பும் (அரபு இலக்கணம்) ஓதியவர்கள். அவர்கள் நடுவில் ‘ஏ’ எடுப்பது நல்ல விஷயம்தான், ஆனால் அந்த ‘ஏ’ உங்களை வெகுதூரம் தூக்கிவிடாது. கடைசியில் மூன்று பாடங்களின் இஸட் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். ஆகவே ‘வாசித்தால் போதும்’ என்று ஒதுக்கிய அந்த மூன்றாம் பாடம்தான் உங்களை வெட்டுப்புள்ளிக்கு (அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இஸட் புள்ளிக்கு) மேலே ஏற்றும், அல்லது கீழே இழுத்துவிடும்.

அண்மையில் ஒரு பிள்ளை போனில் தன் ரிசல்ட்டைத் திறந்து காட்டினார். அரபு ‘ஏ’, இஸ்லாமிய நாகரிகம் ‘பி’, அரசறிவியல் வெறும் சித்தியான ‘எஸ்’. மூன்றாவது தடவை. முதல் தடவை புத்தகத்தையே திறக்காமல் எழுதியிருக்கிறார், அனுபவத்துக்காக. இரண்டாம் தடவை மத்ரஸாவின் சொந்தப் பரீட்சை முடிந்து சில வாரங்களில் ஏ.எல். வந்துவிட்டது. “பேப்பர் லேசாத்தான் இருந்திச்சு மௌலவி, நல்லாத்தான் எழுதினேன்” என்றார். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டு, 1978 அரசியலமைப்பின் கீழ் ஜனாதிபதியின் நிறைவேற்று அதிகாரங்கள் பற்றி ஒரு விடை எழுதித் தரச் சொன்னேன். அழகான கையெழுத்து. தடையில்லாமல் இரண்டு பக்கம். முதல் அரைப்பக்கத்தில் ஜனாதிபதி இருந்தார். மிச்சமெல்லாம் ஆட்சியாளருக்கு இருக்க வேண்டிய பண்புகள், அமானிதம் (பொறுப்பு), ஷூறா (கலந்தாலோசனை). நல்ல மேற்கோள்கள், ஒன்றும் பிழையில்லை. ஆனால் அமைச்சரவை நியமனம் இல்லை, பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் இல்லை, பிறகு வந்த திருத்தங்கள் இல்லை. புள்ளியிடுகிறவருக்குப் புள்ளி போட இடமே இல்லை.

அந்தப் பிள்ளைக்கு அரபு இலக்கணத்தைச் செய்யுளாகச் சொல்லும் அல்பிய்யாவின் வரிகள் மனப்பாடம். அந்த நினைவாற்றலுக்கு அரசியலமைப்பின் பிரதான உறுப்புரைகள் ஒரு பொருட்டா? யாரும் அவரை உட்கார வைத்து, ஒரு விடையைத் திருத்திக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை மூன்று வருடங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஆயத்தமாகும் வரை விண்ணப்பிக்காதீர்கள். யார் வற்புறுத்தினாலும் சரி. மூன்றாம் பாடத்தை எழுதப் போகும் வருடத்தில் அல்ல, இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிவு செய்யுங்கள். கூட்டாளி எடுக்கிறான் என்பதற்காக எடுக்காதீர்கள். உங்கள் ஊரில் அதைப் படிப்பிக்க நல்ல ஆசிரியர் யார் என்று பார்த்து எடுங்கள். கடந்தகால வினாத்தாள்களை வாசித்தால் போதாது, மணிக்கூட்டை வைத்து முழுமையாக எழுதி, பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். சிவப்பு மையைப் பார்த்த பிறகுதான் படிப்பு தொடங்கும்.

மத்ரஸா நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உயர்தரம் எழுத வைப்பது என்று முடிவெடுத்தால் அதற்கு நேரசூசியில் இடம் கொடுங்கள். அஸர் (பின்னேரத்) தொழுகைக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம், வெளியிலிருந்து ஓர் ஆசிரியர். அதைக் கொடுக்க முடியாதென்றால் பிள்ளை ஓதி முடித்த பிறகு எழுதட்டும். ஒரு வருடம் பிந்துவதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்று தடவையும் முடிந்துபோனவர்களுக்கு: வழி அடைபட்டுவிடவில்லை. வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. ஆனால் மஹாபொல உதவிப்பணமும் விடுதியும் நூலகமும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்திருக்க, இப்போது வேலை செய்துகொண்டே படிக்க வேண்டிவரும். அந்தக் கஷ்டம் தேவையில்லாமல் வந்த கஷ்டம்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று நம்புவது

“கெம்பஸ் போனால் தீன் (மார்க்கம்) போய்விடும்” என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள், “ஓதினவனுக்கு வேற படிப்பு ஏறாது” என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் நம் வரலாறே பதில். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் இந்தப் பகுதிப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்ணால் கண்டவர். வசதியில்லாத முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியத்தை 1945இல் தொடங்கினார். 1973இல் நளீம் ஹாஜியார் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யாவில் ஷரீஆக் கல்வியோடு பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டமும் ஒரே கூரையின் கீழ் சாத்தியமானது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃப் உழைத்து உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. அது அமைந்துள்ள ஒலுவிலில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் இப்னு ருஷ்த் என்ற அறிஞர் ஸ்பெயினின் குர்துபா நகரில் காழியாகவும் (நீதிபதி) இருந்தார், மருத்துவராகவும் இருந்தார்.

விடைத்தாளில் பயான் (மார்க்கப் பிரசங்கம்) செய்வது

அனுமதி கிடைத்த பிறகு வரும் பிழை இது. ஒரு சமூகவியல் ஒப்படை: நமது கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிக்கும் வழக்கம் ஏன் இவ்வளவு உறுதியாக நிலைக்கிறது? ஓதிவிட்டு வந்த மாணவர் ஒருவர் மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை) கடமை, சீதனம் வாங்குவது பிழை என்று ஆதாரங்களோடு எழுதி முடித்துவிட்டார். அவர் எழுதியது சரி. கேட்டது வேறு. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து வாழும் முறை, தாய்வழிக் குடி முறை, இதே வழக்கம் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும் இருப்பது, காணி பெண்பிள்ளைகளின் பெயருக்குப் போவது, இவையெல்லாம்தான் அங்கே பேசப்பட வேண்டியவை. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றிலேயே வந்திருந்து இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார். நம் ஊரைப் பற்றி அவர் எழுதியதை வாசிக்காமல் நாம் ஒப்படை எழுதலாமா?

இத்தனைக்கும் இந்த வேலைக்கு நம்மிடம் பயிற்சி இருக்கிறது. ஒரு மஸ்அலாவில் (மார்க்கச் சட்டப் பிரச்சினையில்) ஷாஃபிஈ என்ன சொல்கிறார், ஹனஃபி என்ன சொல்கிறார், ஒவ்வொருவரின் ஆதாரம் என்ன, எங்கே பலவீனம் என்று வரிசைப்படுத்துவதும், ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகச் சோதிப்பதும் வருடக்கணக்காகச் செய்ததுதானே? ஆய்வுக் கட்டுரையில் முன்னைய ஆய்வுகளை எடைபோடுவதற்கும் அதே கண்தான் வேண்டும். உஸூலுல் பிக்ஹை (மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளை) ஒழுங்காக ஓதிய பிள்ளை ஆய்வு முறையியல் வகுப்பில் முன்வரிசையில் இருக்க வேண்டியவர்.

ஆங்கிலத்தை ஒதுக்குவது

நூலகத்தில் உங்களுக்குத் தேவையான நூல்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மத்ரஸாவிலேயே தொடங்குங்கள்.

பட்டம் கிடைத்ததும் கிதாபை மூடுவது

நான்கு வருடம் தொடாத அரபு திரும்பி வராது. வாரம் ஒரு பாடமாவது உஸ்தாத் ஒருவரிடம் ஓதுங்கள்.

மௌலவியாக்களைக் கலியாணம் வரைக்கும் மட்டும் படிக்க வைப்பது

பெண்கள் அரபுக் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் மிகவும் ஒழுங்காகப் படிப்பவர்கள். முடிவு வந்து அனுமதியும் கிடைத்த பிறகு, “மாப்பிள்ளை வந்திருக்கு” என்று நிறுத்திவிடுகிறார்கள். கலியாணம் முடித்துவிட்டும் படிக்கலாம். அப்படிப் பட்டம் முடித்தவர்களை எனக்கே தெரியும். நிச்சயம் பண்ணும்போதே படிப்பைத் தொடர்வது பற்றிப் பேசி முடித்துவிடுங்கள், வாப்பாமாரே.

விசாரிக்காமல் வெளிநாடு போவது

அனுமதிக் கடிதம் வந்ததும் டிக்கெட் எடுக்காதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று முதலில் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். போகும் பாடநெறி பட்டமா, டிப்ளோமாவா, மொழி வகுப்பா என்பதையும் கடிதத்தில் தேடிப் பாருங்கள். அரபு வாசிக்கத் தெரிந்த நீங்களே அதை வாசிக்கலாம். முகவர் சொல்வதை நம்பத் தேவையில்லை.