அப்பா வீட்டில் இல்லையென்றால் மகளிடம் எப்படிப் பேசுவது?

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பம் என்றாலே அப்பா ஓடிப்போயிருப்பார் என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. அப்படியொரு பெண்பிள்ளையை வளர்க்கும் அம்மாவோ பாட்டியோ நீங்கள் என்றால், முதலில் அந்த நினைப்பைக் கழற்றி வையுங்கள். வேறு வீட்டில் இருக்கிறாரா, சிறையில் இருக்கிறாரா, நிஜமாகவே கைவிட்டுவிட்டாரா? மூன்றும் ஒன்றல்ல. 2013இல் அந்நாட்டுச் சுகாதாரப் புள்ளிவிவர மையம் வெளியிட்ட அறிக்கைப்படி, பிள்ளையோடு வசிக்கும் கறுப்பின அப்பாக்கள் குளிப்பாட்டுவதிலும் உடுத்திவிடுவதிலும் மற்றவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

அப்பா போனதற்குத் தான்தான் காரணம் என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு, வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சிலர் அளவுக்கு மீறி நல்ல பிள்ளையாக இருப்பார்கள், சிலர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் "இது உன்னால் இல்லை" என்று நீங்களே சொல்லுங்கள், ஒரு தடவை போதாது. சிறையில் இருப்பவரை வெளியூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லாதீர்கள். பள்ளியில் வேறு யாராவது போட்டு உடைத்தால் உங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும். அப்புறம், கோபத்தில் "அப்படியே உங்க அப்பன்" என்று வருமே, அதை விழுங்கிவிடுங்கள். அவளுடைய பாதியையே திட்டுவது அது.

கொஞ்சம் வளர்ந்ததும் வரலாற்றையும் சொல்லலாம். வீட்டில் ஆண் இருந்தால் அரசு உதவித்தொகையை நிறுத்தும் விதி பல மாநிலங்களில் இருந்தது, 1968இல்தான் உச்ச நீதிமன்றம் அதை முறித்தது. 1986 போதைப்பொருள் சட்டத்தில் 5 கிராம் கிராக்குக்கும் (புகைக்கும் வகைக் கொகைன்) 500 கிராம் கொகைன் தூளுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, 5 வருடம் என்று இருந்தது, 2010இல்தான் அந்த விகிதம் மாறியது. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இது அப்பாவுக்கு வக்காலத்து இல்லை, செய்த தப்பு தப்புதான்.

அவர் தொடர்பில் இருந்தால், வாரம் ஒரே நாள், ஒரே நேரம், பத்து நிமிடப் பேச்சு போதும். பெரிய வாக்குறுதி வேண்டாம். அன்று அழைக்கவில்லையா, அவருக்காகச் சாக்கு ஜோடிக்காமல் அவளோடு உட்காருங்கள். மாமாவோ தாத்தாவோ துணைக்கு வந்தாலும் சொன்ன நாளில் வருபவராக இருக்கட்டும்.

வழி தெரியாவிட்டால் அவளையே கேளுங்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் அப்பா-மகள் நடன விழா நடந்தபோது, அப்பா சிறையில் இருந்ததால் ஒரு சிறுமியால் வர முடியவில்லை. சரி, நடனத்தையே சிறைக்குள் கொண்டுபோவோம் என்று யோசனை சொன்னது அங்கிருந்த பெண்பிள்ளைகள்தான். சிறைக்குப் பொறுப்பான அதிகாரி ஷெரிஃபுக்குக் கடிதம் எழுதியதும் அவர்களே, அவரும் சம்மதித்தார்.