மலையில் நூற்பும் தச்சும் சொல்லிக்கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இப்போது சனி ஞாயிறு வந்தால் எங்காவது ஒரு கைத்தொழில் வகுப்பு நடக்கிறது. கம்பளி நூற்பது, இலையிலும் பட்டையிலும் சாயம் எடுப்பது, மரக்கரண்டி செதுக்குவது, சின்னத் தறியில் நெய்வது என்று பல வகை. கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் பணம் கட்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வருகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்களும் பெரும்பாலும் தேர்ந்த கைகாரர்கள்தான். அப்படியும் மலை இறங்கிப் போனவர்களில் பலர் நூல் நூற்கும் அந்தத் தக்களியையோ செதுக்கும் கத்தியையோ மறுபடி தொடுவதே இல்லை.

ஒரு வகுப்பு நன்றாக நடந்ததா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்: வந்தவர் வீட்டுக்குப் போய், பக்கத்தில் யாரும் இல்லாமல், அதே வேலையை இன்னொரு தடவை செய்து பார்த்தாரா? கீழே சொல்லியிருக்கும் தவறுகள் எல்லாமே இந்த இரண்டாம் தடவையைக் கெடுப்பவை.

முதலாவதும் பெரியதுமான தவறு, மாணவரின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொள்வது. மணி நாலரை ஆகிவிடும், கரண்டி இன்னும் பாதியில் கிடக்கும், ஐந்து மணிக்கு அவர்களுக்கு வண்டி. ஆசிரியர் "இங்க குடுங்க" என்று வாங்கி, பத்து நிமிடத்தில் குழியைத் தோண்டி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவிக் கொடுத்துவிடுவார். வந்தவருக்குச் சந்தோஷம், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் கரண்டியின் கடினமான பகுதி அந்தக் குழிதான், அதை அவர் செய்யவே இல்லை. வீட்டில் ஒரு கட்டையை எடுத்து வைத்தால் அதே இடத்தில் வந்து நின்றுவிடுவார்.

நூற்பில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். புதிதாக நூற்பவர் தக்களியைச் சுழற்றிவிட்டு, பதற்றத்தில் கம்பளியை இறுக்கிப் பிடிப்பார். இரண்டு கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரே இழையின் இரு நுனிகளையும் அவரே பிடித்துக்கொண்டிருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் கம்பளி நீளாது. கொஞ்சம் தளர்த்தினால் முறுக்கு கம்பளிக்குள் ஏறி முடிச்சாகும், தக்களி கீழே விழும். அந்த நேரத்தில் வாங்கி நாம் நூற்றுக் காட்டுவதால் பயன் இல்லை, நம் விரல் போகிற வேகம் அவர் கண்ணுக்கே பிடிபடாது. வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். முதலில் தக்களியைச் சுழற்றி முறுக்கை ஏற்றட்டும். அப்புறம் தக்களியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கைகளை இழையின் நீளத்தைவிடத் தள்ளி வைத்து, கம்பளியை மெதுவாக இழுக்கட்டும். கீழ்க்கை விரலைத் தளர்த்தினால் தேங்கி நின்ற முறுக்கு தானாக மேலே ஏறும். ஒரு சாண் நூல் ஆனதும் மறுபடி சுழற்றல். இப்படிச் செய்தால் மதியத்துக்குள் தடியும் மெலிசுமாக ஒரு நூல் வந்துவிடும். அது அழகாக இருக்காது, பரவாயில்லை. நூற்றது முழுக்க அவர் கைதான்.

இதற்காகவே பொருளைச் சின்னதாக வையுங்கள். ஒரு நாள் வகுப்பில் கரண்டி வேண்டாம், வெண்ணெய் தடவும் கத்தி போதும். சால்வை வேண்டாம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை நெய்தால் போதும். முடித்ததைக் கலைத்துவிட்டு இரண்டாவதாக ஒன்றைச் செய்யவும் நேரம் மிஞ்ச வேண்டும். அந்த இரண்டாவதில்தான் கற்றது கையில் ஒட்டும்.

அடுத்தது, பழகுபவருக்குத்தானே என்று மழுங்கிய உளியையும் கழிவுக் கம்பளியையும் கொடுப்பது. நல்ல ஆசாரியால் மொக்கை உளியை வைத்தும் எப்படியோ வேலையை ஒப்பேற்ற முடியும், புதியவரால் முடியாது. கூர் இல்லாத கத்திக்கு அதிக அழுத்தம் வேண்டும், அழுத்தத்தில் அது வழுக்கும், வழுக்கினால் கட்டை விரல். ஆகவே முதல் நாள் சாயங்காலமே எல்லாக் கருவியையும் சாணைக்கல்லில் தீட்டி, ஒவ்வொன்றையும் சோதித்துவிடுங்கள். சில்வர் ஓக் துண்டு ஒன்றின் வெட்டு முகத்தில், அதாவது வளையம் தெரிகிற பக்கத்தில், உளியை ஒரு தடவை தள்ளினால் போதும். வெட்டிய இடம் மினுமினுப்பாக இருந்தால் கூர் சரி. மாவு மாதிரி பொடிந்து வெளுத்துப்போனால் இன்னும் தீட்ட வேண்டும். இந்தச் சோதனையை வகுப்பிலேயே செய்து காட்டினால் ரொம்ப நல்லது, கூர் போனதை வீட்டில் அவரே கண்டுபிடித்துக்கொள்வார். இடது கைக்காரர் யாராவது வருகிறார்களா என்று பதிவின்போதே கேளுங்கள். குழி தோண்டும் வளைந்த கத்தியில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி உண்டு.

கம்பளிக்கும் இதே பேச்சுதான். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மெல்லிய கம்பளி தருகிற நீலகிரி செம்மறியே இந்த மண்ணில் உருவான இனம். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, முள்ளும் சாணமும் ஒட்டிய வயிற்றுப்புறக் கம்பளியைக் கொடுத்தால் முதல் இரண்டு மணி நேரம் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். அலசிக் காயவைத்து, பன்னி, அதாவது இழைகளை வாரிப் பிரித்து, சுருட்டிவைத்த கம்பளியில் ஆரம்பியுங்கள். அழுக்குக் கம்பளியை அலசும் வேலையைத் தனியாக ஒரு தடவை காட்டினால் போதும்.

மலை செய்யும் வேலை

கீழ்நாட்டில் படித்ததை, அல்லது வீடியோவில் பார்த்ததை, அப்படியே இங்கே சொல்லிக்கொடுத்தால் சில இடங்களில் இடிக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். கம்பளிச் சாயத்துக்கு 80, 85 டிகிரி போதும் என்பதால் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் பருத்தியைச் சலவைச் சோடாவில் வேகவைத்து எண்ணெய்ப் பசையை எடுக்கும்போதும், கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையிலிருந்து சாயம் இறக்கும்போதும், புத்தகத்தில் போட்ட நேரம் பற்றாது. இதை முன்கூட்டியே கணக்கில் வைக்காவிட்டால், வகுப்பு முடியும்போது பானையில் வெளிறிய தண்ணீர்தான் இருக்கும். இலையை முந்தின நாளே வேகவைத்து வடித்துவிட்டு, வகுப்பில் தோய்ப்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சாய வகுப்பில் இன்னொரு பிழை அடிக்கடி நடக்கிறது. பருத்தித் துணியையும் கம்பளியையும் ஒரே பானையில் போடுவார்கள். கம்பளி நன்றாகப் பிடிக்கும். பருத்தி அப்போதைக்கு ஏறினதுபோல் இருந்துவிட்டு, வீட்டில் ஒரு சலவையில் போய்விடும். சாயம் பிடிக்க, கம்பளிக்கு நூறு கிராமுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் படிகாரம் போதும், கற்பூர இலைக்கு அதுகூட வேண்டாம். பருத்திக்கு முதலில் கடுக்காய், அப்புறம் படிகாரம், அப்புறம்தான் சாயம். பருத்தியைச் சரியாகச் செய்ய ஒரு நாள் போதாது என்றால் அந்த வகுப்பில் கம்பளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயம் ஏறின கம்பளியைச் சூட்டோடு எடுத்து ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் போட்டுக் கசக்க விடாதீர்கள், சுருங்கிக் கட்டிப்போகும். பானையிலேயே ஆறட்டும். சாயப் பானையும் கரண்டியும் திரும்பச் சமையலறைக்குப் போகவே கூடாது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போன்ற நச்சுப் பொருட்களைப் புதியவர்கள் வகுப்பில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

மரத்தில் ஈரம்தான் எல்லாம். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கும் மழைக்காலத்தில், கொட்டகையில் கிடக்கும் பலகை தன் உலர் எடையில் ஏறக்குறைய 20 சதவீத ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அதே பலகை 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏசி அறைக்குப் போனால் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நடுவில் உள்ள ஈரம் வெளியேறும்போது பலகை அகலவாட்டில் சுருங்கும். இங்கே துளையில் இறுக்கமாக உட்கார்ந்த கழுந்து, அதாவது இணைப்பு முனை, அங்கே ஆடும், பெட்டி மூடி வளையும், கரண்டி வாயில் விரிசல் விடும். மாணவர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். பெட்டி, முக்காலி மாதிரி இணைப்பு வேலைகளுக்கு, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் உலர்ந்த பலகையை எடுங்கள். மழை மாதத்தில் வகுப்புக்குச் சில வாரம் முன்பே அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். பச்சைக் கட்டையில் கரண்டி செய்வதென்றால் கட்டையை இரண்டாகப் பிளந்து, நட்டநடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியை முழுக்க எடுத்துவிட வேண்டும். அது உள்ளே இருந்தால் விரிசல் நிச்சயம். செய்து முடித்ததைக் காகிதத்தில் சுற்றி, தன் செதுக்கல் தூளோடு ஒரு வாரம் நிழலில் வைக்கச் சொல்லி அனுப்புங்கள்.

மார்கழி, தை மாதத்தில் உறைபனி விழும் காலையில் மரம் ஒட்டும் வெள்ளைப் பசையைத் தடவி ஒட்டினால் அது பிடிக்காமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும். பத்து டிகிரிக்குக் கீழே அந்தப் பசை ஒழுங்காகப் படலம் கட்டாது. பசை வேலையை மதியத்துக்குத் தள்ளிவையுங்கள், பலகையையும் வெயிலில் கொஞ்சம் வையுங்கள்.

எந்த மரம், யாருடைய தையல்

கட்டை எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் வருடத்துச் சட்டப்படி அனுமதி வேண்டும். "ஈட்டி மரம், எங்கேயோ கிடைச்சுது" என்று பெருமையாகக் காட்டுவது வந்தவர்களையும் சிக்கலில் இழுத்துவிடும். நல்ல கட்டைக்குப் பஞ்சமும் இல்லை. பழைய பேரி மரங்களைக் கவாத்து செய்யும்போது விழும் கிளை கரண்டிக்கு அருமையானது, நெருக்கமான இழை, கத்திக்கு இணங்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்தில் பிடுங்கிப்போடும் காப்பிக் கட்டையும் அப்படித்தான். காட்டுக்குப் பாரமாகிவிட்ட உண்ணிச்செடித் தண்டை வேகவைத்துத் தோலுரித்தால் நாற்காலி வரைக்கும் வளைக்கலாம், மலைவாழ் மக்கள் பலர் அதைச் செய்கிறார்கள். சில்வர் ஓக் எங்கும் கிடைக்கும், ஆனால் அதன் பாலும் தூளும் சிலருக்குத் தோலில் கடும் அரிப்பைக் கொடுக்கும். முதலிலேயே கேட்டுவிட்டு, முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

தோடர் பூத்தையல் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. படம் பார்த்து நாலு வடிவத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர், சிவப்பும் கறுப்பும் நூல் வாங்கி வைத்து, தோடர் பூத்தையல் வகுப்பு என்று போர்டு மாட்டுவது தவறு. அந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது பூத்துக்குளி என்ற சால்வையைப் போர்த்தும் தோடர் பெண்களின் வேலை. சட்டமும் வளையமும் இல்லாமல், துணியில் வரைந்துகொள்ளாமல், பாவு ஊடை இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி ஏற்றுவார்கள். எண்ணிக்கை ஒரு இழை பிசகினால் வரிசை முழுக்கக் கோணிவிடும். மற்றவர்கள் பின்பக்கம் என்று நினைக்கும் சொரசொரப்பான பக்கத்தைத்தான் அவர்கள் முகப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் படத்தில் தெரியாது. இந்தத் தையலை வகுப்பில் வைக்க ஆசை என்றால் மந்திலிருந்து, அதாவது தோடர் குடியிருப்பிலிருந்து, ஒரு அக்காவை ஆசிரியராகவே கூப்பிடுங்கள். ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை காட்டாமல், அவரே சொல்லிக்கொடுக்க வேண்டும். எந்த வடிவத்தைக் காட்டலாம், எது அவர்கள் சடங்குக்கு மட்டும் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். உங்களுக்கு நாள் சம்பளம் எவ்வளவோ அவ்வளவு அவருக்கும். அவர் வர முடியாவிட்டால் எண்ணித் தைக்கும் பொதுவான தையலைச் சொல்லிக்கொடுங்கள், அந்தப் பெயரை வைக்காதீர்கள். கொல்லு வேலை, தச்சு, மண்பாண்டம் என்று கைத்தொழிலில் பேர்போன கோத்தர் பழங்குடியினர் விஷயத்திலும் இதே மரியாதை வேண்டும்.

சில சின்ன விஷயங்கள், ஆனால் விட்டுவிட முடியாதவை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், மரத்தூள் நிறைந்த கொட்டகையில் அது போதும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்குங்கள். குளிருக்குப் போர்த்திய சால்வையோடும் கையுறையோடும் கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

தேதி வைப்பதிலும் கவனம் வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் பெருமழை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவு பயம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. இதைப் பதிவுத் தகவலிலேயே எழுதுங்கள், சீசனில் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைக்காதீர்கள். பாதிப் பேர் மலையேறும் வழியில் பர்லியாறிலேயே நிற்பார்கள்.

கட்டணத்தைக் குறைத்துப் போடுவதும் தவறுதான். கருவி தீட்டிய சாயங்காலம், கம்பளி அலசிய நாள், கட்டை உலர்த்திய வருடம் எல்லாம் உங்கள் உழைப்பு. அதைக் கட்டணத்தில் சேர்க்காவிட்டால் அடுத்த வகுப்பில் எதையாவது ஒன்றைச் சுருக்கத்தான் தோன்றும். வெளியூர்க்காரர்களிடம் முழுக் கட்டணம் வாங்குங்கள். அதிலிருந்து வருவதில், சீசன் இல்லாத நாட்களில், தோட்ட வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு வகுப்பு நடத்த முடியும். பக்கத்திலேயே இருப்பதால் அவர்கள் திரும்பத் திரும்ப வந்து பழகுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். நூற்றவருக்கு இன்னும் ஐம்பது கிராம் பன்னிய கம்பளியும் அவர் பழகிய தக்களியும், செதுக்கியவருக்குப் பிளந்து தயாராக வைத்த இன்னொரு கட்டையும் கட்டிக் கொடுங்கள், கட்டுவது துணிப்பையிலோ காகிதத்திலோ இருக்கட்டும். நம் மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. இரண்டு வாரம் கழித்து ஒரு போன் போட்டு, அந்தக் கட்டை என்ன ஆனது என்று கேளுங்கள். எங்கே நின்றுபோனது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துவைத்து, அடுத்த வகுப்பில் அந்த இடத்துக்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.