புராஸ்டேட் வீக்கம்: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெரிதாகியிருப்பதை ஸ்கேன் அறிக்கையில் பார்த்ததும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுகிறவர்கள் உண்டு. சிறுநீர் கழிக்க இரவில் ஐந்து முறை எழுந்தாலும், வயதானால் அப்படித்தான் என்று பொறுத்துக்கொள்பவர்களும் உண்டு. இருவர் செய்வதும் தவறு. சுரப்பியின் அளவை வைத்துத் தொல்லையை எடைபோட முடியாது. சிறிய வீக்கத்திலேயே சிறுநீர் கழிக்க முக்கித் தவிப்பவரும் இருக்கிறார். அதனால்தான் மருத்துவர்கள் அறிகுறிகளைப் பற்றி ஏழு கேள்விகள் கேட்டு 35-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 7 வரை லேசானது. தொந்தரவு இல்லையென்றால் கண்காணிப்பே போதும். 20-ம் அதற்கு மேலும் கடுமையானது.

மாத்திரைகளில்தான் குழப்பம் அதிகம். டாம்சுலோசின் போன்றவை சிறுநீர்ப்பையின் வாய்ப்பகுதித் தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே சுகம் தெரியும், ஆனால் சுரப்பி சுருங்காது. ஃபினாஸ்டிரைடும் டூட்டாஸ்டிரைடும் சுரப்பியைச் சுருக்கும். முழுப் பலனுக்கு ஆறு மாதமாவது ஆகும். ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, பலனில்லை என்று நிறுத்துவது வீண். இவை ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் புரதம்) அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும் என்பதும் முக்கியம். இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் பரிசோதனை செய்துகொண்டால், புற்றுநோயின் எச்சரிக்கை கண்ணில் படாமலே போகலாம். இதைத்தான் நான் மிகவும் அஞ்ச வேண்டிய தவறாகக் கருதுகிறேன். டாம்சுலோசின் சாப்பிடுபவர், முன்பு சாப்பிட்டு நிறுத்தியவராக இருந்தாலும், கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து சிக்கல் தரக்கூடும்.

சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் ஆபத்தாகலாம். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபிட்ரின், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் ஆகியவை சிறுநீரை அடியோடு அடைத்துவிடக்கூடும். வயிறு உப்பி, வலியோடு ஒரு சொட்டும் வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போய்க் குழாய் வைத்து வெளியேற்ற வேண்டும்.

சா பால்மெட்டோ மூலிகை பெரிய ஆய்வுகளில் வெற்று மாத்திரையை விடச் சிறந்ததாகத் தெரியவில்லை. தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் தீர்வல்ல. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைத்தால் போதும்.

அறுவையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதிலும் நஷ்டம் இருக்கிறது. அடைப்போடு போராடிப் போராடிச் சிறுநீர்ப்பை வலுவிழந்துவிட்டால், பிறகு பாதையைத் திறந்தாலும் சிறுநீரைத் தள்ள அதற்குத் தெம்பு இருக்காது. டி.யூ.ஆர்.பி. (சிறுநீர்ப்பாதை வழியே கருவி நுழைத்துச் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் அறுவை), லேசர் முறைகளுக்குப் பின் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போவது சகஜம். கூச்சப்படாமல் இதை முன்கூட்டியே கேளுங்கள். விந்து வெளியேற்றத்தைப் பெரும்பாலும் காப்பாற்றும் நீராவிச் சிகிச்சை போன்ற முறைகள் சிலருக்குப் பொருந்தும்.

அறுவை முடிந்ததும் பி.எஸ்.ஏ. பரிசோதனையை மறந்துவிடுகிறவர்கள் பலர். அகற்றப்படுவது சுரப்பியின் உள்பகுதி மட்டும். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது. எனவே எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு வாருங்கள்.