பாண்டி கடற்கரையில் தலை தாழ்த்தி நிற்கும் சிப்பாய்: ஊருக்கு வருவோருக்கு

பாரிசிலிருந்தோ ரியூனியன் தீவிலிருந்தோ பாண்டிக்கு வரும் நம்மவர்கள் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே கடற்கரைச் சாலைக்குப் போய்விடுகிறார்கள். காந்தி சிலை முன்னால் ஒரு படம், சுண்டல், கடல் காற்று. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சாலையின் மேற்கு ஓரத்தில், கம்பி வேலிக்குள் தூண்களுக்கு நடுவே ஒரு சிப்பாய் தலை தாழ்த்தி நிற்கிறான். அவனையும் ஒரு படம் எடுத்துவிட்டு நடந்துவிடுகிறோம். உங்கள் குடும்பத்தில் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய், இருந்திருந்தால் அந்த இடத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். வரும்போது ஒரு பெயரோடு வாருங்கள்.

முதல் உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்காக 1938-ல் திறந்த நினைவுச்சின்னம் அது. அங்கே யாரையும் புதைக்கவில்லை. உடல் எங்கோ ஐரோப்பிய மண்ணில் இருக்கிறது, கல் மட்டும் ஊரில் இருக்கிறது. நடுகல் நட்ட நமக்கு இது புதிதில்லை. ஆனால் நடுகல்லில் இருப்பவன் ஒருத்தன்: அவன் பேர், அவன் வில், அவன் மீட்ட ஆநிரை. கடற்கரைச் சிப்பாய்க்குப் பேர் கிடையாது, அவன் எல்லாருக்கும் பொது. வாளை ஓங்கியும் நிற்கவில்லை, குதிரை மேலும் இல்லை. துக்க வீட்டு வாசலில் நிற்பவனைப் போலக் குனிந்து நிற்கிறான். வெற்றித் தூணாகக் கட்டாமல் இப்படிக் கட்டியதற்காகவே எனக்கு அந்தச் சின்னத்தின் மேல் மரியாதை.

வேலிக்கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-ம், முதல் உலகப் போர் நின்ற நாளான நவம்பர் 11-ம் மலர்மாலை வைக்கும் நாட்கள். மெடல் குத்திக்கொண்டு வரும் வயதான சொல்தாக்களை அன்றைக்குப் பார்க்கலாம், பேச்சுக் கொடுத்தால் சந்தோஷமாகப் பேசுவார்கள். ஜூலையில் விளக்கு அலங்காரமும் உண்டு. நவம்பர் என்றால் அடைமழைக் காலம், குடை வேண்டும். மற்ற நாட்களில் விடிகாலைதான் நல்லது. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டி ஓடாது, பெரியவர்களை நிதானமாக நடத்திக் கூட்டிப் போகலாம்.

பெயரைத் தேடும் வேலையைப் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தின் 'மெமுவார் தே ஸொம்' இணையதளத்தில் 1914-18 போரில் இறந்தவர்களின் அட்டைகள் இருக்கின்றன. சிக்கல் எழுத்துக்கூட்டலில்தான். முருகன் என்ற பேரை எம்-ஓ-யு என்று தொடங்கி, ஆர்-ஓ-யு என்று தொடர்ந்து, கடைசியில் என்-ஈ போட்டு முடித்திருப்பார்கள். சகரத்துக்கு இரட்டை எஸ். இன்னொன்றும் உண்டு. 1881-க்குப் பிறகு சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய ரெனோன்சான் குடும்பங்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டன. சிலர் முழுக்க பிரெஞ்சுப் பெயரே வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் தெரு அத்தை ஒருத்தர் வீட்டில் பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கோடு போட்ட நாடாவில் வெண்கலச் சிலுவை ஒன்று, நாலாக மடித்து மடிப்பிலேயே கிழிந்த காகிதம் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்த பேரன் தாத்தாவின் வீட்டுப் பேரைப் போட்டுத் தேடித் தேடிச் சலித்துவிட்டான். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அதில் இருந்தது வேறு பேர். அத்தைக்கே அது தெரியாது. ஆகவே அலமாரி, டப்பா, பழைய பத்திரம் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

கடலூர்ப் பக்கத்துக் குடும்பம் என்றால் வழி வேறு. அது ஆங்கிலேயர் ஆண்ட தென்னாற்காடு, தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்திருப்பார். 1783 ஜூனில் அதே கடலூரில் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய சண்டை நடந்தது. அந்தக் காலத்தில் சாதாரணச் சிப்பாய்க்குத் தனிக்கல் வைக்கும் வழக்கமே இல்லை. 1917-ல் பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் அமைந்த பிறகுதான் அது மாறியது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், சுமார் 81 சென்டிமீட்டர் உயரம், ஒரே வரிசை. கல்லின் தலை லேசாக வளைந்திருக்கும், மழைநீர் தேங்காமல் வழியும். கல் அடியில் குட்டைச் செடி நடுவது அழகுக்கு மட்டுமில்லை, மழை அடிக்கும்போது சேறு தெறித்து எழுத்தை மறைக்காமலிருக்கவும்தான். இந்து வீரர்களின் கல்லில் 'ஓம் பகவதே நம' என்று தேவநாகரி எழுத்தில் வெட்டியிருக்கும், தமிழ் எழுத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இதைக் கண்ணால் பார்க்கச் சென்னை விமான நிலையத்திலிருந்து ஊருக்குப் புறப்படும் முன் நந்தம்பாக்கம் போங்கள், பக்கம்தான். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். பின்பக்கம் உள்ள நினைவுச்சின்னத்தில் முதல் போரின்போது இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்தியாவில் பல ஊர்களில் புதைத்து, பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளுக்கு ஈடாக வைத்தவை அவை. பூ வையுங்கள், சூடம் ஏற்றாதீர்கள், கல் கரிப்பிடிக்கும்.

பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து பிரான்சில் இறந்தவர் என்றால் நீங்கள் திரும்பிப் போன பிறகும் வேலை இருக்கிறது. வட பிரான்சில் நவ் ஷாப்பேலில் 1927-ல் திறந்த இந்திய நினைவிடம் இருக்கிறது. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது. வட்டச் சுற்று, நம் ஊர்ச் சாளரம் மாதிரி துளையிட்ட கல் வேலி, தாமரைத் தலை வைத்த 15 மீட்டர் தூண், அடியில் இரண்டு புலிகள். 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. அவற்றைப் படைப்பிரிவு வாரியாக வெட்டியிருக்கிறார்கள், பிரிவு தெரியாமல் போனால் தேடித் தவிப்பீர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர் பெயர் அங்கே இருக்காது, அவருக்கு அந்த இணைய அட்டைதான் ஆதாரம்.

இங்கே உள்ள அண்ணன் தம்பிகள் பலருக்கு விசா எடுத்து அங்கே வர வசதி கிடையாது. நீங்கள் போகலாம். பெயர் வெட்டிய இடத்தை எழுத்து தெரியும்படி கிட்டப்போய்ப் படம் எடுங்கள், காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து நன்றாகத் தெரியும். போனில் அனுப்புவதோடு விட்டுவிடாமல் அச்சுப் போட்டு, அடுத்த முறை வரும்போது கையில் கொண்டுவந்து கொடுங்கள். அத்தை வீட்டுச் சாமி அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.